முந்திக்கொள்ளும் குரல்

வைத்துக்கொள்வதா, கழற்றிக் கொடுத்துவிடுவதா, சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். என் தோழி ஷாஹிதாவுக்கு வளைத்துப் பேசத் தெரியாது, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னடி முடிவு பண்ணின என்பாள், இன்னும் யோசிக்கிறேன் என்றால் ஒரு பிராசசருக்கா இவ்வளவு யோசனை, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்கடி என்பாள், கல்யாணத்துக்கு யோசிக்காததுதான் இந்த ஊரில் பாதிக் கோளாறு என்று நான் ஆரம்பிப்பேன், பேச்சு வேறெங்கோ போய்விடும், பிராசசர் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். எல்லாம் அப்படித்தான் இருந்துவிடுகிறது. யாரும் முடிவெடுப்பதில்லை, முடிவு தானாக வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறது, பிறகு நாம் அதைச் சுற்றிப் பெருக்கிக்கொள்கிறோம். மேசைமேல் பழைய பிராசசர் டிஷ்யூ காகிதத்தில் குப்புறக் கிடக்கிறது, பிஸ்கட்டைவிடச் சின்னது, அடியில் பூனை நாக்கு மாதிரி முட்கள். இந்த வீட்டில் அம்மா பேசியதெல்லாம் இத்தனை மாதமாக இதன் வழியாகத்தான் வந்தது என்று நினைத்தால் தொடக் கூசுகிறது. இப்போது பெட்டிக்குள் ஓடுவது ஷாஹிதாவின் அண்ணன் தன் கேம் விளையாடும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது, அவன் அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கிவிட்டான், எங்களுக்கு இனாம், வேண்டாம் என்றால் வேறு யாருக்காவது தள்ளிவிடுவான். ஆக, காசு ஒரு காரணமில்லை. காசு காரணமாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி, கட்டுப்படியாகாதும்மா என்று கௌரவமாகக் கை கழுவியிருக்கலாம். இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே மந்திரத்தை ஓதுகிறார்கள்: உங்கள் வேலைக்குப் பழையது போதுமென்றால் மாற்றாதீர்கள், காத்திருக்க நேர்கிறதென்றால் மாற்றுங்கள். காத்திருக்க நேர்கிறதென்றால். யாருக்கு? பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கா, எதிரில் நின்று பதிலுக்காகக் கைபிசைகிறவருக்கா? ஒருத்தனும் அதைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் வேகம் என்றால் தன் வேகம்.

அம்மாவின் குரல்வளையைப் போன வருஷம் எடுத்துவிட்டார்கள். புற்று. ரேஷன் கடையில் பில் போடுகிறவள், தனபாக்கியம் என்றால் எங்கள் ஹவுசிங் போர்டில் தெரியாதவர்கள் இல்லை, அந்தக் குரல் ஒன்று போட்டால் வரிசை நூல் பிடித்தமாதிரி நிற்கும். "ஏம்ப்பா, உனக்கு மட்டும் அரிசி தனியா வெளைஞ்சிருக்கா? பின்னாடி போ." அந்தக் குரலைத் தட்டில் வைத்து எங்கோ ஆய்வுக்கு அனுப்பினார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி, துணி உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்தால் அம்மா மூச்சு விடுகிறாள் என்று தெரியும். ஷாஹிதா பொறியியல் கடைசி வருஷத்துக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டியிருந்தது, நான் ஊரில் இருக்கிற எல்லா அநியாயத்தையும் பற்றி அவளிடம் கத்திக்கொண்டிருந்த நாளில் "அம்மா வாய்ஸ் ஏதாச்சும் இருக்காடி?" என்று கேட்டாள். இருந்ததெல்லாம் வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பியவைதான். அம்மாவுக்குத் தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது, நான் விடுதியில் இருந்தபோது கடையில் கூட்டம் குறையும் நேரமெல்லாம் போனை வாயருகே பிடித்துப் பேசி அனுப்பிவிடுவாள். அதையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். அதிலிருந்து ஷாஹிதா குரலையும் எடுத்தாள், அம்மா எதற்கு என்ன பதில் சொல்வாள் என்ற போக்கையும் எடுத்தாள், அம்மா ஒரு சொல்லைத் தட்டினால் பெட்டி அதை அவள் குரலிலேயே வாக்கியமாக்கிப் பேசும். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவும் ஒரே ஆளிடம் பேசியது என்று. முதல் நாள் சிலிண்டர் போட வந்தவர் கதவருகே நின்று, எப்படி இருக்கீங்கக்கா என்று பாவம் அன்பாகத்தான் கேட்டார், பெட்டி அவரைப் பார்த்து "தலைக்கு எண்ணெ வச்சியா? போன ஏன் எடுக்கல?" என்றது. அந்த மனிதர் தலையைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார். அம்மா சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள், துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கு உலகத்தில் ஒரே ஆளிடம்தான் பேசத் தெரியும், அது நான். ஷாஹிதா பிறகு கொஞ்சம் சரிசெய்தாள், ஆனால் அடியில் அது அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அந்த மூச்சு. அம்மா பேச ஆரம்பிக்கும் முன்னால் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள், இரு, வருகிறேன் என்கிற மாதிரி, அதையும் பெட்டி கற்றுக்கொண்டுவிட்டது. கழுத்தால் மூச்சு விடுகிறவளுக்கு அந்தச் சத்தம் இனி வராது. அந்த மூச்சு இப்போது இந்த வீட்டில் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. பழைய பிராசசரில் அது வரும், பிறகு ஒன்றும் வராது. அம்மா தட்டிய சொல்லை வைத்துக்கொண்டு பெட்டி முக்கும், விசிறி இரையும், நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த இடைவெளியில் அவள் புருவத்தைத் தூக்கிவிடுவாள், உதட்டைச் சுழித்துவிடுவாள், பல தடவை குரல் வருவதற்குள் சண்டையே முடிந்துபோயிருக்கும், பிறகு யாருக்கும் வேண்டாத அந்த வாக்கியம் வந்து சேரும், கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மொய்க் கவரோடு வருகிறவரைப் போல. எரிச்சலாக இருக்கும். ஐயோ எவ்வளவு எரிச்சல், நான்தானே ஷாஹிதாவை அரித்தேன், இதை வேகமாக்கு, வேகமாக்கு என்று.

ஆக்கிவிட்டாள். காலையில் வந்தாள், பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தினாள், பழையதைத் திருகி எடுத்தாள், பற்பசை மாதிரி எதையோ ஒரு பொட்டு வைத்துப் புதியதை உட்கார வைத்தாள், விசிறியை மாட்டினாள். இனி சொல் சொல்லாத் தட்ட வேணாம்மா, ரூம்ல யாராவது பேசினா மைக் கேட்டுக்கும், நீங்க சொல்லப்போற முழு பதிலும் திரையில வந்துரும், அதுக்கு நல்லா உறுதியாத் தெரிஞ்சா அதுவே பேசிடும், வேணாம்னா மட்டும் கீபோர்டுல இந்தக் கட்டையை அழுத்துங்க, என்றாள். வேண்டாமென்றால் மட்டும். நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும், பேசுவதற்கு அழுத்த வேண்டுமா, பேசாமலிருப்பதற்கு அழுத்த வேண்டுமா, இரண்டும் ஒன்றாடி? அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஷாஹிதா நிமிர்ந்து, "எப்பிடிம்மா இருக்கு? இதையே வச்சுடவா?" என்றாள். அவள் வாய் மூடவில்லை, அந்த மூச்சு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, "நல்லாத்தாம்மா இருக்கு, இதையே வச்சுக்கலாம்." முன்பு கேட்காததெல்லாம் கேட்டது. அம்மா கடையிலிருந்து பேசியவை என்பதால் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மங்கலான இரைச்சல் இருக்கும், காலையில் அது மங்கலாக இல்லை, தராசுத்தட்டு இறங்குவது, யாரோ ஒரு பெண் பாமாயில் வந்துருச்சா என்று கேட்பது, எல்லாம் எங்கள் வீட்டுக்குள். ஷாஹிதா கைதட்டினாள். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது, ஏனென்றால் சிரித்துக்கொண்டே நான் அம்மாவின் கைகளைப் பார்த்தேன், இரண்டு கையிலும் கீரை. கீபோர்டு மேசைமேல் இருந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை. அழுத்தித் தடுக்கவும் இல்லை. அப்படியானால் அந்தச் சம்மதம் யாருடையது? புதிய பிராசசரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று புதிய பிராசசரே சொன்னதா? திருடனையே கூப்பிட்டுப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்டமாதிரி. மௌனம் சம்மதம் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள், எவன் சொல்லியிருப்பான், நிச்சயம் பேசிக்கொண்டே இருந்த ஒருவன்தான் சொல்லியிருப்பான். நான் முதுகலையில் எழுதிய கட்டுரையே இதைப் பற்றித்தான். கிராமசபைக் கூட்டத்தில் ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் அந்தம்மா உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் புருஷன் நின்று பேசுவார், தலைவி என்ன சொல்றாங்கன்னா என்று ஆரம்பிப்பார், தலைவி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், நான் எழுந்து அவங்களே சொல்லட்டும் சார் என்றேன், அந்த ஆள் என்னைப் பார்த்து அவங்க சொல்லப்போறதைத்தாம்மா நான் சொல்றேன் என்றான். சொல்லப்போவதை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூட்டத்தையே கலைத்துவிட்டு வந்தேன், துறையில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அதே ஆள் இப்போது எங்கள் கூடத்தில், மேசைக்கடியில், நீல விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறான். ஆனால் பயமாக இருப்பது அது இல்லை. அந்தப் புருஷன் தப்பாகச் சொன்னான். இது தப்பாகச் சொல்லவில்லை. நல்லாத்தாம்மா இருக்கு, அம்மா அப்படித்தான் சொல்வாள், அந்தத் தாம்மா உட்பட. தப்பாகச் சொல்கிறவனை எதிர்த்துவிடலாம். சரியாகச் சொல்கிற ஒன்றை எந்தச் சட்டத்தில் எதிர்ப்பது?

சாப்பிட்டுவிட்டு அம்மா உள்ளறையில் படுத்திருக்கிறாள். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது, கீழே ஒருவருமில்லை, தண்ணீர்த் தொட்டி மோட்டார்கூட நின்றுவிட்டது. கூடத்தில் நானும் அதுவும்தான். புதிய விசிறிக்குச் சத்தமே இல்லை, முன்பாவது அது இருக்கிறது என்று தெரியும், இப்போது திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் மினுங்கி மினுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. சனியன், என்றேன், பிராசசரைத்தான், வாய்க்குள்ளேதான். மூச்சு இழுத்தது. "யாரைடி சனியன்ங்கிற?" முதுகுத்தண்டில் யாரோ ஈரக்கையை வைத்தமாதிரி இருந்தது, திரும்பி உள்ளறையைப் பார்த்தேன், கதவு பாதி சாத்தியிருந்தது, கட்டிலின் கால்பக்கம் மட்டும் தெரிந்தது, அம்மாவின் பாதங்கள், வெடிப்புகள், அசையவில்லை. உன்னைத்தான் என்றேன். "ஆமா, என்னைத்தான் சொல்லுவ. வேற யாரு இருக்கா ஒனக்குத் திட்ட." எழுந்து போயிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். எனக்கோ எதிரில் ஒரு வாதம் நின்றால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது, அது பெட்டியாக இருந்தால் என்ன, பேயாக இருந்தால் என்ன. நீ அம்மா இல்லை, என்றேன். "சரி. சாப்பிட்டியா?" பேச்சை மாத்தாதே. "நானா மாத்துறேன்? நீதான் ஆரம்பிச்ச." காலைல வச்சுக்கலாம்னு சொன்னது யாரு? அதற்கு இடைவெளியே தேவைப்படவில்லை, யாரு என்று நான் முடிப்பதற்குள் மூச்சு முடிந்திருந்தது. "நான்தான்டி. வேற யாரு சொல்லுவா?" அம்மாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள், அதனால்தான் இதுவும் சொல்கிறது, அதனால் இது சொல்வது ஒன்றுக்கும் சாட்சியாகாது, ஆனால் அம்மா சொல்லாமலிருந்தாலும் இதைத்தான் சொல்லும், அப்படியானால், அப்படியானால் என்று தலை செக்குமாடு மாதிரி சுற்றியது. பின்னால் தராசுத்தட்டு டொக்கென்று இறங்கியது. வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் யாருடையது, இப்போது எங்கே இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா, எங்கள் வீட்டுக் கூடத்தில் தன் இருமல் கேட்பது அவருக்குத் தெரியுமா? கடைத் தெருவே சுவருக்குப் பின்னால் வந்து நின்று என் சண்டையைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போதுதான் அந்த ஆசை வந்தது, ஆசை என்றுதான் சொல்ல வேண்டும், பல்லில் மாட்டிய நாரை நாக்கு தேடிப்போவதுபோல. அம்மாவிடம் நான் ஒருபோதும் கேட்காத ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது தள்ளுவண்டியில் படுத்தபடி என்னைப் பார்த்தாள், அவளுக்குக் குரல் இருந்த கடைசி நிமிஷங்கள் அவை, என்ன வேண்டுமானாலும் பேசியிருக்கலாம், அவள் "கேஸை ஆஃப் பண்ணிட்டுத்தானே வந்த?" என்றாள், கதவு மூடிக்கொண்டது. அதற்கு அடியில் என்ன இருந்தது? இப்போது கேட்கலாம். கேட்டால் அவள் தட்ட வேண்டும், தட்டுவதற்குள் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வாள், சும்மா இருடி என்று முடித்துவிடுவாள். இது அப்படி முடிக்காது. இதற்கு ஒழுங்குபடுத்த முகம் இல்லை. அன்னிக்கு ஆஸ்பத்திரியில உனக்குப் பயமா இருந்துச்சாம்மா, என்றேன், அம்மா என்று சொல்லிவிட்டேன், வாய்தவறி, தவறியா என்று தெரியவில்லை. மூச்சு இழுத்தது. இந்தத் தடவை நீளமாக, முன்பு கேட்டேயிராத நீளத்துக்கு, மூக்கின் உள்ளே ஈரம் சலசலப்பதுகூடக் கேட்டது, திரையில் எழுத்துகள் மளமளவென்று நிறைந்தன, என் கை தானாகப் பாய்ந்து அந்தக் கட்டையை அழுத்தியது. குரல் வரவில்லை. வாக்கியம் மட்டும் அங்கே நின்றது. படிக்கவில்லை. சத்தியமாகப் படிக்கவில்லை, முதல் சொல் "இல்லடி" என்று ஆரம்பித்தது, அல்லது அப்படி ஆரம்பிக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேனோ என்னவோ, உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டேன், விரல்களுக்கு நடுவே வெளிச்சம் வந்தது, கண்ணை மூடினேன், குனிந்து தடவிப் பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

எல்லாம் அணைந்த பிறகுதான் வீட்டில் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. அந்த அமைதியில் துணி உள்ளே போய் வெளியே வருகிற சின்னச் சத்தம் கேட்டது. தூங்குகிறவளின் சத்தம் இல்லை அது. கதவைத் தள்ளினேன். அம்மா மல்லாந்து படுத்துக் கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான், பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் எங்களுக்குக் கண் எரியும், ஆக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், தன் குரல் தன் மகளோடு சண்டை போடுவதைக் கட்டிலில் கிடந்து கேட்டிருக்கிறாள், கடைசியாக நான் கேட்ட கேள்வியையும். என்னைப் பார்த்து உதடுகளை அசைத்தாள். காற்றில்லாத உதடுகள், வாசித்துப் பழகிவிட்டேன். யாரு ஜெயிச்சா? எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். "விளையாடாதம்மா. காலைல ஷாஹிதா கேட்டப்ப, வச்சுக்கலாம்னு நீ சொன்னியா? நீ நெனச்சியா?" யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நெற்றியில் அந்தக் கோடு விழுந்தது, பில்லில் கணக்கு இடிக்கும்போது விழுகிற கோடு. பிறகு கையைத் திருப்பி வெறும் உள்ளங்கையைக் காட்டினாள். தெரியல. நெனச்சிருப்பேன். அது சொன்னப்பறம் நெனச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்றால், எனக்குள் என்னவோ படியில்லாத இடத்தில் கால் வைத்தது. உனக்குப் பயமா இல்லையா என்று கேட்க வந்து, அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லப் பிடிக்காமல், "சரி, அதை விடு, இப்ப சொல்லு" என்றேன். "பெட்டி அணைஞ்சு கெடக்கு. நான் வாயத் தெறக்க மாட்டேன். இருக்கட்டுமா, எடுத்துடலாமா? நீ சொல்றதுதான். நீ மட்டும் சொல்றதுதான்." சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, அவள் உதடு அசையும் முன்பே எனக்குள் பதில்கள் வந்து முட்டின, எடுத்துடு என்பாள், பழசே போதும் என்பாள், என் குரலை நான்தான் பேசணும் என்பாள், ஒவ்வொன்றும் அவளுடைய தொனியில், அவளுடைய இழுப்போடு, பெட்டி என்ன செய்கிறதோ அதையே நானும் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது, எந்தப் பிராசசரும் இல்லாமல், பிறந்ததிலிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் என் முழங்கால்மேல் கையை வைத்தாள். இருக்கட்டும். நான் நினைத்த எதுவும் இல்லை. ஏன் என்று கேட்காமலிருக்க முயன்றேன், முகம் கேட்டுவிட்டது. அவள் மெதுவாக, நான் விட்டுவிடாமலிருக்க ஒவ்வொன்றாக, உதட்டில் வைத்துக் காட்டினாள். நீ பேசிக்கிட்டே இருப்ப. நான் தட்டிக்கிட்டே ஓடணும். முடியலடி. நடுவில் துளையைத் துணியோடு அழுத்தி இருமிவிட்டு, மறுபடி. அது பேசட்டும். நான் செத்த நேரம் சும்மா இருக்கேன். "அது நீ இல்லியேம்மா." அவள் சிரித்தாள். எல்லாம் ஒனக்குச் சொன்னதுதானே. புதுசா என்ன சொல்லப்போறேன்? என்னிடம் பதில் இருந்தது, ஒன்று இல்லை, வரிசையாக இருந்தன, தெளிவாக, எந்த மேடையிலும் கைதட்டல் வாங்கக்கூடியவை. ஆனால் அவங்களே சொல்லட்டும் என்று கூட்டத்தைக் கலைத்தவள் நான். அவளே சொல்லிவிட்டாள். அவள் சொல்வது எனக்குப் பிடித்திருந்தால்தான் அவளுடைய சொல்லா? வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ஷாஹிதா வந்தபோது வெயில் தணிந்திருந்தது. "என்னடி, முடிவு?" இருக்கட்டுமாம், என்றேன். "யாரு சொன்னா, நீயா அம்மாவா?" அம்மா, நேர்ல கேட்டேன். "நேர்லன்னா?" நேர்லன்னா நேர்ல. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை, டிஷ்யூவோடு பழைய பிராசசரை எடுத்துப் பையின் ஓரத்தில் போட்டாள், தூக்கி எறிஞ்சிராதடி என்றேன், இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற என்றாள், தெரியாது என்றேன். டீ குடித்துவிட்டுப் போனாள். பிளக்கை நான்தான் மாட்டினேன். நீல விளக்கு வந்தது, கோடு வந்தது, அந்த வாக்கியம் இல்லை, அழிந்துபோயிருந்தது, அதற்காக நிம்மதிப்பட்டேனா ஏமாந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போனாள், காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள், கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டாள், அவளுக்கு எப்போதும் அப்படித்தான் வழக்கம். முதுகு எனக்குத் தெரிந்தது, தோளில் என் சுடிதார் தொங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், "எனக்கு இதுல சம்மதமே இல்ல" என்றேன். மூச்சு இழுத்தது. "ஒனக்கு எதுலதான்டி சம்மதம் இருந்திருக்கு? சொல்லு, கேப்போம்." பால்கனியில் அம்மா திரும்பவில்லை. கை நிற்கவில்லை, ஒரு போர்வையை உதறினாள், இன்னொரு கிளிப்பைக் கழற்றிப் பல்லுக்குக் கொடுத்தாள்.  பிறகு நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, இரு, முதல்லேர்ந்து சொல்றேன் என்று ஆரம்பித்தேன்.